காமாலை எதனால் தீர்ந்தது? வட தமிழகத்து மருத்துவ வழக்கம் ஒன்றின் வரலாறு

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவள்ளூர், பிணி தீர்க்கும் ஊர் என்ற பெயரை நெடுங்காலமாகப் பெற்றிருக்கிறது. அங்குக் கோயில் கொண்டுள்ள வீரராகவப் பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என்றே வழங்குகின்றனர். அமாவாசை நாள்களில் கூடுவோர் குளத்து நீரில் வெல்லத்தைக் கரைத்துத் தத்தம் உடற்பிணி அவ்வாறே கரைய வேண்டுமென்று வேண்டிக்கொள்வது இன்றும் தொடர்கிறது. இவ்வூரிலிருந்து வடக்கே ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எனத் தெலுங்கு நாட்டு எல்லை வரை விரியும் நிலத்தில், கொசஸ்தலையாற்றுப் பாசனத்திலும் ஆரணியாற்றுப் பாசனத்திலும் விளையும் வயல்களின் வரப்போரம் மழைக்காலத்தில் தானே முளைக்கும் கீழாநெல்லி, அந்தக் குளத்துக்கு நிகரான நம்பிக்கையைப் பெற்ற மருந்தாகும். கண் மஞ்சளித்தவருக்கு அதைக் கொடுத்தால் சில வாரங்களில் மஞ்சள் நீங்கும் என்பது பல தலைமுறைகளின் அனுபவம். அந்த அனுபவம் பொய்யன்று. ஆயினும் மஞ்சள் நீங்கியது எதனால் என்ற கேள்விக்கு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் தேவைப்பட்டது.

வரப்பு மருந்தும் பத்தியமும்

மஞ்சள் காமாலை என்பது தனி நோயின் பெயரன்று. முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் உரியவாறு பித்தநீரில் வெளியேற்ற இயலாதபோது அது இரத்தத்தில் தேங்கி, கண்ணின் வெண்படலத்திலும் தோலிலும் சிறுநீரிலும் நிறமாக வெளிப்படுகிறது. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், மதுவால் கல்லீரல் சிதைந்தாலும், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தாலும் இந்நிலை தோன்றலாம். ஆயினும் தமிழகத்துச் சிற்றூர்களில் இளவயதினருக்குத் திடீரெனக் காணும் காமாலையில் பெரும்பகுதி வைரஸ்களால் ஏற்படும் கல்லீரல் அழற்சியே. மருத்துவத்தில் இதற்கு ஹெபடைடிஸ் என்று பெயர்.

சித்த மருத்துவ நூல்கள் காமாலையைப் பல வகைகளாகப் பிரித்து, பித்தத்தின் மிகுதியால் வருவதாக விளக்கின. ஊர் வழக்கில் மருத்துவம் இவ்வளவு நுணுக்கமாக இருக்கவில்லை. கீழாநெல்லியைச் சமூலமாக, அதாவது வேர் முதல் இலை வரை முழுச் செடியாகப் பறித்துக் கழுவி அரைத்து, மோரிலோ பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், உடன் கரிசலாங்கண்ணியைச் சேர்ப்பதும், உப்பையும் எண்ணெயையும் புளியையும் விலக்கிப் பத்தியம் காப்பதும் பொதுவான முறை. கண்ணில் சாறு பிழிதல், மந்திரித்துத் தண்ணீர் ஊற்றுதல், கையில் சூடு போடுதல் ஆகியவையும் ஆங்காங்கே இருந்தன. தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கலந்து வாழும் இவ்வெல்லைப் பகுதியில் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் இருக்கும் ஊரைத் தேடி மொழி வேறுபாடின்றி மக்கள் செல்வதுண்டு. மருந்து கொடுப்பவர் பலர் காசு வாங்குவதில்லை என்பதும் அவ்வழக்கத்தின் மதிப்பை உயர்த்தியது.

இவ்வழக்கத்தின் வெற்றிக்கு நோயின் இயல்பே முதற்காரணம். மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய இரண்டும் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமே அடங்கிவிடுகின்றன. 1955-56ஆம் ஆண்டுகளில் யமுனையில் கழிவுநீர் கலந்ததால் தில்லியில் பரவிய பெருங்காமாலையில் ஏறத்தாழ 29,000 பேர் நோயுற்றனர். கருவுற்ற பெண்களிடையே உயிரிழப்பு மிகுந்திருந்தபோதிலும், நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்தும் காரணமாக இல்லாமலே தேறினர். அந்நோய் ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. தானே தீரும் நோய்க்குக் கொடுக்கப்படும் எம்மருந்தும் தீர்த்த மருந்தாகவே தோன்றும்.

இரத்தத்தாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவாலும் பரவும் ஹெபடைடிஸ் பி, பெரும்பாலும் இரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் சி ஆகியவற்றின் இயல்பு வேறு. இவை சிலரிடம் முற்றிலும் விலகுகின்றன. சிலரிடம் பல பத்தாண்டுகள் ஓசையின்றித் தங்கிக் கல்லீரலை இறுகச் செய்யும் சிரோசிஸ் நோயிலும் புற்றுநோயிலும் கொண்டுபோய்விடுகின்றன. ஆறு மாதங்களுக்கு மேல் இரத்தத்தில் வைரஸ் நீடித்தால் அது நாள்பட்ட தொற்று எனப்படும். வளர்ந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால் நூற்றுக்கு 95 பேர் வரை அதை விலக்கிவிடுகின்றனர். பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் வரை வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றனர். ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே தாமாக விடுபடுகின்றனர். ஒரே வைரஸ் ஒருவரை விட்டு விலகி மற்றொருவரிடம் தங்குவது ஏன் என்பதே இந்நோயின் மையக் கேள்வி.

மரபைத் தேடியபோது கிடைத்த வைரஸ்

ஹெபடைடிஸ் பி வைரஸின் கண்டுபிடிப்பே மரபு வேறுபாடு பற்றிய தேடலில் விளைந்தது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பரூக் புளும்பெர்க் வைரஸைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். உலகின் பல்வேறு மக்களிடையே இரத்தப் புரதங்கள் மரபுவழி எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடல், பிறருடைய புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருக்கும் என்ற எண்ணத்தில், அத்தகையோரின் இரத்தநீரைப் பல நாட்டு மக்களின் இரத்தநீருடன் அவர் வினைபுரியச் செய்து பார்த்தார். 1963ஆம் ஆண்டளவில் இரத்தம் உறையா நோயாளி ஒருவரின் இரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தநீரில் இருந்த ஒரு புரதத்துடன் வினைபுரிந்தது. 1965இல் அறிவிக்கப்பட்ட அப்புரதம் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் பெற்றது.

அப்புரதம் குடும்பங்களில் கூட்டமாகக் காணப்பட்டதால், அது பிறவிப் பண்பு என்றே முதலில் கருதப்பட்டது. முன்பு இல்லாதிருந்த சிலரின் இரத்தத்தில் பின்னர் அது தோன்றியதும், அவர்களுக்குக் கல்லீரல் அழற்சியும் உடன் தோன்றியதும் அக்கருத்தைக் குலைத்தன. அது வைரஸின் மேலுறைப் புரதம் என்பது தெளிவானது, எச்.பி.எஸ். ஆன்டிஜென் என்று இன்று ஒவ்வொரு இரத்த வங்கியிலும் சோதிக்கப்படுவது அதுவே. 1976இல் புளும்பெர்க்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன்பின்னும் அவர் மரபை முற்றாக விட்டுவிடவில்லை. வைரஸ் வெளியிலிருந்து வந்தாலும் அதைச் சுமந்துகொண்டிருக்கும் இயல்பு மரபுவழி வரலாம் என்று கருதினார். எழுபதுகளில் தைவானில் நடந்த ஆய்வுகள், குடும்பக் கூட்டத்துக்குப் பெருங்காரணம் பிரசவ வேளையில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதே என்று காட்டின. குடும்பத்தில் தொடர்வதெல்லாம் பிறவிக் குணம் ஆகாது என்ற இப்பாடம், பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் அனைத்துக்கும் எச்சரிக்கையாக அமைந்தது.

சென்னையும் பிலடெல்பியாவும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில், பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய எஸ். பி. தியாகராஜனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஊர் வழக்கத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தனர். கரிசலாங்கண்ணியின் சாறும் கீழாநெல்லியின் சாறும் சோதனைக் குழாயில் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்கின்றன என்ற அவர்களுடைய ஆய்வு 1982இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. காமாலைக்கு ஊரார் சேர்த்து அரைக்கும் இரு மூலிகைகளும் ஒரே ஆய்வில் இடம்பெற்றது, கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டுகிறது.

பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் புளும்பெர்க்கும், அவருடன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழிகோலிய இர்விங் மில்மனும், பி. எஸ். வெங்கடேஸ்வரனும் இதே செடியை எடுத்துக்கொண்டனர். மனித வைரஸுக்கு உறவான ஒரு வைரஸ், வட அமெரிக்காவின் உட்சக் என்னும் பெரிய அணில் இன விலங்கைப் பீடிக்கிறது. செடியின் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியைத் தடுப்பதாக 1987இல் அவர்கள் அறிவித்தனர். அடுத்த ஆண்டு, சென்னையிலும் பிலடெல்பியாவிலும் இருந்த ஆய்வாளர்களின் பெயரில் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. வைரஸைச் சுமப்போர் 78 பேரில் 40 பேருக்கு உலர்த்திய கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் குளிகையாக நாளுக்கு மூன்று வேளை முப்பது நாள்களுக்கும், மற்றவர்களுக்கு மருந்தற்ற குளிகையும் தரப்பட்டன. இறுதிவரை தொடர்ந்தவர்களில், மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம், அதாவது நூற்றுக்கு 59 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது; மருந்தற்ற குளிகை உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்தது.

வரப்புச் செடி உலக மருத்துவத்தின் வாசலை எட்டியதாகவே அப்போது தோன்றியது. ஆயினும் 1990இல் தாய்லாந்திலும், பின்னர் மும்பையிலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அவ்விளைவு கிட்டவில்லை. சென்னைச் சோதனையில் மருந்துண்டோரில் மூவரே இடையில் விலகியிருக்க, மற்றக் குழுவில் 15 பேர் விலகியிருந்தது ஒப்பீட்டின் வலிமையைக் குறைத்தது. தாவர வகையிலும் குழப்பம் இருந்தது: பில்லாந்தஸ் நிரூரி என்று இந்திய நூல்கள் குறித்துவந்த செடி உண்மையில் பில்லாந்தஸ் அமாரஸ் முதலிய ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் பொதுப்பெயராக இருந்தது, செடி விளைந்த இடமும் பறித்த பருவமும் வேதிப்பொருள்களின் அளவை மாற்றக்கூடும் என்றும் வாதிடப்பட்டது. 2011இல் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றில் பில்லாந்தஸ் இனங்கள் பயன்தருவதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

ஒப்பீடு என்னும் முறை

ஒரு மருந்தின் பெருமையையும் உடலின் பெருமையையும் பிரித்தறிய, மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும் என்ற நெறி, திருவள்ளூருக்குப் புதியதன்று. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிக்கப்படுவதற்கு முன், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் பயனை அறிய 1968இல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடத்திய அச்சோதனையில் ஏறத்தாழ 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ, மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

1979இல் வெளிவந்த முதல் அறிக்கையும், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பின் 1999இல் வெளிவந்த அறிக்கையும், வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டின. பிரிட்டனில் நற்பயன் தந்த ஊசி இங்கு அவ்வாறு பயன் தராததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது, இந்நிலத்தின் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமிக்கு உறவான பிற கிருமிகள் மக்களின் நோயெதிர்ப்பை முன்பே வேறு வகையில் பழக்கியிருந்தன என்பதாகும். மருந்தின் விளைவை மருந்து மட்டும் முடிவுசெய்வதில்லை. அதை ஏற்கும் உடலும் அவ்வுடல் வாழும் இடமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன என்பதை இதைவிடப் பெரிய அளவில் காட்டிய சோதனை அரிது.

செல்கள் அனுப்பும் எச்சரிக்கை

வைரஸை விலக்கும் உடலின் வேலை எத்தகையது என்பது 1957இல் துலங்கத் தொடங்கியது. லண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளில் இட்டபோது, அச்சவ்வு வெளியிட்ட ஒரு பொருள் வேறு சவ்வுத் துண்டுகளையும் தொற்றிலிருந்து காப்பதைக் கண்டனர். வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் இத்தகைய சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படுகின்றன. இன்டர்ஃபெரான்கள் அவற்றுள் ஒரு குடும்பம்.

கல்லீரல் செல்லுக்குள் வைரஸின் மரபுப்பொருள் நுழைந்ததும், ரிக்-ஐ, டோல் வகை ஏற்பிகள் முதலிய காவற்புரதங்கள் அதை இனங்கண்டு, மாவ்ஸ் போன்ற இடைநிலைப் புரதங்கள் வழியாகச் செல்லின் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. இன்டர்ஃபெரான் உண்டாகி வெளியேறி அண்டைச் செல்களின் ஏற்பிகளில் பொருந்த, அச்செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்து வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் புரதங்களை உருவாக்குகின்றன. ஹெபடைடிஸ் சி வைரஸ் தன்னுடைய ஒரு நொதியால் மாவ்ஸ் புரதத்தையே வெட்டிச் செய்தியை அறுத்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் வேறு வழியை மேற்கொள்கிறது. தொடக்க வாரங்களில் அது இன்டர்ஃபெரான் மரபணுக்களை விழிக்கச் செய்வதே இல்லை என்பதை 2004இல் சிம்பன்சிகளில் நடந்த ஆய்வு காட்டியது.

இரண்டாம் கட்டத்தில் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் வருகின்றன. தொற்றிய செல், வைரஸ் புரதத்தின் துணுக்குகளை எச்.எல்.ஏ. எனப்படும் மேற்பரப்புப் புரதங்களில் ஏந்திக் காட்ட, அவற்றை அறிந்த டி செல்கள் காமா இன்டர்ஃபெரானையும் டி.என்.எஃப். என்னும் மற்றொரு சைட்டோகைனையும் சுரந்து வைரஸை ஒடுக்குகின்றன. தொற்றிய செல்களைக் கொல்லவும் செய்கின்றன. ஹெபடைடிஸ் பி தொற்றில் கல்லீரல் செல்களை அழிப்பது பெரும்பாலும் வைரஸன்று, இந்தத் தாக்குதலே. ஆகவே அத்தொற்றில் கண் மஞ்சளிப்பது, உடல் வைரஸை எதிர்த்துப் போரிடுவதன் அடையாளமாகிறது. பிறப்பிலேயே தொற்றியவரின் உடல் வைரஸைப் பல ஆண்டுகள் எதிர்ப்பதில்லை. அவருக்குக் கண்ணும் மஞ்சளிப்பதில்லை.

காமாலை வழக்கத்தின் உட்பொருள் இங்கே விளங்குகிறது. மருந்து தேடி வந்தவர் யாவரும் கண் மஞ்சளித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏ, ஈ வைரஸ்களால் நோயுற்றுத் தாமே தேறக்கூடியவர்கள், அல்லது பி வைரஸை அந்நேரத்தில் தம் உடலே விலக்கிக்கொண்டிருந்தவர்கள். உண்மையில் பேராபத்தில் இருந்தவர், கண் மஞ்சளிக்காமல் வைரஸைச் சுமந்து வயலிலும் ஆலையிலும் வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் எந்த மருத்துவரிடமும் செல்லவில்லை. ஊர் வழக்கம் இயல்பாகவே தேறக்கூடியவர்களையே பெரும்பாலும் தேர்ந்து மருந்து கொடுத்தது. உடலின் சைட்டோகைன்கள் செய்த வேலை செடியின் கணக்கில் எழுதப்பட்டது.

பத்தொன்பதாம் குரோமோசோம்

ஏ, பி வைரஸ்களால் விளையாத கல்லீரல் அழற்சிக்கு ஆல்பா இன்டர்ஃபெரானை ஊசியாகச் செலுத்திப் பார்த்த முதல் முயற்சி 1986இல் வெளிவந்தது; அதற்குக் காரணமான ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989இல்தான் இனங்காணப்பட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் ரிபாவிரின் மாத்திரையும், பின்னர் உடலில் நீண்ட நேரம் தங்கும் பெக் இன்டர்ஃபெரானும் சேர்ந்தன. வாரந்தோறும் ஊசி, காய்ச்சலும் உடல்வலியும், மனச்சோர்வும் முடியுதிர்வும், நடுத்தரக் குடும்பத்தால் தாங்கவியலாத செலவு ஆகிய அனைத்தையும் 24 முதல் 48 வாரங்கள் வரை தாங்கியவர்களிலும், வைரஸின் முதல் மரபுவகை தொற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே குணமடைந்தனர்.

குணமானவருக்கும் ஆகாதவருக்கும் என்ன வேறுபாடு என்பதை அறிய, மரபுத்தொகை முழுவதும் பரவியுள்ள இலட்சக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் முறை கையாளப்பட்டது. டி.என்.ஏ. என்னும் நீண்ட எழுத்துத் தொடரில் ஓரிடத்தில் ஒருவருக்கு ஓர் எழுத்தும் மற்றவருக்கு வேறோர் எழுத்தும் இருப்பதே மரபணு மாறுபாடு என்பதன் எளிய வடிவம். 2009இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் மூன்று குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே இடத்தைச் சுட்டின: பத்தொன்பதாம் குரோமோசோமில், லாம்டா இன்டர்ஃபெரான் மரபணுக்களுக்கு அருகில். அமெரிக்கக் குழு கண்ட மாறுபாட்டில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் சி எழுத்தைப் பெற்றவர்கள் குணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, சிகிச்சையின்றித் தாமாகவே வைரஸிலிருந்து விடுபடுவோரிடமும் அம்மாறுபாடே மிகுந்திருப்பதைக் காட்டியது.

2013இல் இப்புதிரின் உள்ளே மற்றொரு புதிர் இருப்பது வெளிப்பட்டது. அவ்விடத்திலேயே அதுவரை அறியப்படாத ஒரு மரபணு இருந்தது. லாம்டா 4 என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ஒரு வகை மாறுபாடு உள்ளவர்களின் கல்லீரல் இந்தப் புரதத்தை உருவாக்குகிறது. மறுவகை உள்ளவர்களின் மரபணு பழுதுபட்டிருப்பதால் புரதம் உருவாவதில்லை. வைரஸை விலக்குவதில் முந்தியவர்கள், பழுதுபட்ட மரபணுவை உடையவர்களே. வைரஸுக்கு எதிரான ஒரு புரதம் இருப்பது நன்மையாக இல்லாமல் தீங்காக முடிவதற்கு முழு விளக்கம் இன்னும் தேடப்படுகிறது. ஓயாமல் தாழ்ந்த அளவில் விழித்திருக்கும் எச்சரிக்கை, உண்மையான தாக்குதல் நேரும்போது செல்களைச் செவிசாய்க்காதவையாக ஆக்கிவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. கிழக்கு ஆசியரிடம் இப்பழுது மிகுதி, ஆப்பிரிக்கரிடம் குறைவு, தெற்காசியர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள்.

தமிழகத்து ஆய்வுகளும் எல்லை நாட்டு மக்களும்

ஹெபடைடிஸ் பி தொற்றில் எச்.எல்.ஏ. மரபணுக்களின் பங்கை 1995இல் காம்பியாவிலும் 2009இல் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் நிலைநாட்டியிருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பின்னாளில் புணே தேசிய வைராலஜி நிறுவனத்தின் இயக்குநரான பிரியா ஆபிரகாம் உள்ளிட்ட குழு, தென்னிந்தியரிடையே இவ்வைரஸை விலக்கியவர்களையும் நாள்பட்ட தொற்றுக்கு ஆளானவர்களையும் எச்.எல்.ஏ. வகைகளிலும், டி.என்.எஃப். மரபணுவை இயக்கும் பகுதியின் மாறுபாடுகளிலும் ஒப்பிட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டது. தமிழகத்து மக்களின் நோயெதிர்ப்பு மரபணுக்களை நோயுடன் சேர்த்து ஆராயும் மரபு அதற்கும் முந்தையது; மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன் குழுவினர் காசநோய்க்கும் எச்.எல்.ஏ. வகைகளுக்கும் உள்ள தொடர்பை எண்பதுகளிலேயே ஆராயத் தொடங்கினர்.

இத்தகைய ஆய்வுகளுக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி தனிச்சிறப்புடையது. தமிழும் தெலுங்கும் பேசும் பழங்குடிமக்களும் வேளாண்குடிகளும், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்தமிழரும், சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கு ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் ஒரே வட்டத்தில் வாழ்கின்றனர். இந்தியாவில் ஹெபடைடிஸ் பி வைரஸின் டி, ஏ மரபுவகைகள் பரவலாகவும், கிழக்குப் பகுதியில் சி வகையும் காணப்படுகின்றன. ஹெபடைடிஸ் சி வைரஸில் மூன்றாம் மரபுவகையே மிகுதி, தெற்கில் முதல் வகையும் கணிசமாக உண்டு. வைரஸின் வகையும் மனிதரின் வகையும் ஒருங்கே வேறுபடும் இடம் இது. ஆயினும், 2015இல் நிறைவுபெற்ற ஆயிரம் மரபுத்தொகைத் திட்டத்தில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் சார்பாக அமைந்தவை பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர், இந்தியத் தெலுங்கர் ஆகியோரின் மாதிரிகளே. அகமணத்தால் ஒவ்வொரு குழுவும் தனித்த மரபுக்கூட்டமாக அமைந்துள்ள நாட்டில் அம்மாதிரிகள் போதாமையால், 83 மக்கட்குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 இந்தியரின் மரபுத்தொகைகளைத் திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

வரலாற்றின் தீர்ப்பு

லாம்டா இன்டர்ஃபெரான் மாறுபாட்டுக்கான பரிசோதனை மருத்துவமனைகளில் செல்வாக்குடன் இருந்த காலம் மிகக் குறுகியது. 2013இல் வந்த சோஃபோஸ்புவிரும் அதன் இணை மாத்திரைகளும் வைரஸின் நொதிகளையே நேரடியாகத் தடுப்பதால், எந்த மரபுடையவரிடமும் பெரும்பாலும் நூற்றுக்கு 95 பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றை மூன்று மாதங்களில் நீக்கிவிடுகின்றன; இந்திய நிறுவனங்கள் அவற்றைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்கின்றன. ஹெபடைடிஸ் பி அவ்வாறு தீரவில்லை. அதன் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவில் வளையமாகத் தங்கிவிடுவதால், இன்றைய மாத்திரைகள் அதை அடக்குகின்றன, அகற்றுவதில்லை. உடல் தானே அதை எவ்வாறு அகற்றுகிறது என்பதை அறிந்து அவ்வழியை மருந்தாக்குவதற்கு, சைட்டோகைன்களையும் அவற்றின் மரபணு மாறுபாடுகளையும் பற்றிய அறிவு இன்னும் தேவைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸையும், 55 இலட்சம் பேர் ஹெபடைடிஸ் சி வைரஸையும் சுமந்திருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாதவர்கள். அறிந்தவர்களும் இரத்ததானத்தின்போதோ, கருவுற்ற காலப் பரிசோதனையிலோ, வளைகுடா நாட்டு வேலைக்கான உடற்தகுதிச் சோதனையிலோ பெரும்பாலும் தற்செயலாக அறிந்தவர்களே. 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அடங்கியுள்ளது. புளும்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28இல், 2018ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கிறது.

வழக்கத்தைப் பழிப்பதற்கு இவ்வரலாற்றில் இடமில்லை. சரியான கேள்வியை ஆய்வகத்துக்கு அனுப்பியது அவ்வழக்கமே. ஆயினும் கண்ணின் நிறத்தைக் கொண்டு கல்லீரலின் நிலையை மதிப்பிடும் பழக்கம் முடிவுக்கு வர வேண்டும். மஞ்சள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணாமல் இரத்தத்தில் எச்.பி.எஸ். ஆன்டிஜெனையும் ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருளையும் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வதும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பிறப்புத் தவணை கிடைப்பதை உறுதிசெய்வதும், தொற்று இருப்பதாக அறிந்தவரை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் விலக்காமல் தொடர் மருத்துவக் கண்காணிப்பில் வைத்திருப்பதும் இன்று செய்யத்தக்கவை.